மருமகனுக்கு அந்த வண்டி வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஷோரூமுக்குப் போய் புக்கிங்கை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். நீ கட்டிய அட்வான்ஸ் உன் கணக்குக்கே திரும்ப வந்துவிடும் என்றார்கள். என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று கோபப்படுவாய். புக் பண்ணும்போது நீயும் என்னைக் கேட்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன் குரல் கொஞ்சம் இறங்கினாலே நான் சரி சரி என்று சொல்லிவிடுவேன், அது உனக்கும் தெரியும். நாலு பேர் படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாள் என்று கேட்பாய். அந்த ஆரஞ்சு நிற டியூக் 390 பைக் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே ‘தாய்மாமன் சீர்’ என்று நீ எழுதினாயே, அன்றிலிருந்து கோபியில் எந்தக் கடைக்குப் போனாலும் “வண்டி எப்ப வருதுங்க?” என்பதுதான் முதல் கேள்வி. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயத்துக்கு ஊரறியவே பதில் சொல்லிவிடுகிறேன். சிலவற்றை மட்டும் இங்கே எழுத மாட்டேன். எதை விட்டிருக்கிறேன் என்று படிக்கும்போதே உனக்குப் புரியும்.

சீர் செய்யாதே என்று சொல்லவில்லை. காதுகுத்துக்கு என் மகனை உன் மடியில்தான் உட்கார வைத்தோம். மொட்டையடித்த தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, அவன் வீரிட்டு அழ, கூடவே உன் கண்ணும் கலங்கியது. அந்த உரிமையில் யாரும் கைவைக்க முடியாது. மூன்று லட்சத்துக்கு மேல் போட்டு ஒரு வண்டி எடுத்துக்கொடுக்க அங்கே ஷார்ஜா வெயிலில் நீ எத்தனை ஆசையை அடக்கியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. மனசு கஷ்டப்பட்டுத்தான் ரத்து செய்தேன். மன்னித்துக்கொள். ஆனால் ரத்து செய்தது செய்ததுதான்.

1995-இல் உன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வீட்டுக்கு வந்த நாளை இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த வருஷம் மஞ்சளுக்கு நல்ல விலை. சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, அம்மா ஆரத்தி சுற்றினார்கள். முதல் ரவுண்டுக்கு அப்பா ஏறப் போனார். நீ விடவில்லை. “அக்காதான் முதல்ல” என்றாய். அப்பாவை அப்படி எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

தடப்பள்ளி வாய்க்கால் ஓரமாகப் போனோம். நடவு முடிந்த வயல், வாய்க்காலில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. டூ ஸ்ட்ரோக் ஆயில் புகை நெடி மூக்கில் ஏறியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். மதகு தாண்டியதும் முறுக்கினாய் பார், பின்னல் அவிழ்ந்து முடியெல்லாம் முகத்தில் அடித்தது. உன் புதுச்சட்டையை நான் பிடித்த பிடியில் தோள்பட்டைத் தையல் பிரிந்துவிட்டது. நீ வேகத்தைக் குறைக்கப் பார்த்தாய். “நிறுத்தாதடா, போ” என்று கத்தியது நான்தான். அம்மாவுக்குத் தெரியாமல் அன்று ராத்திரி அந்தத் தையலை நானே போட்டேன். வேகம் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாதவள் இல்லை நான். உன் மருமகன் அந்த வண்டியின் படத்தை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டு கிடப்பது எனக்குப் புரிகிறது.

மறுநாள் காலையில் அதே ரோட்டில் நான் பஸ்ஸுக்கு நின்றேன். நீ என்னைத் தாண்டிப் போனாய், ஹாரன் அடித்துவிட்டு.

அதற்கு முந்தைய வருஷம் முழுக்க ஒரு டிவிஎஸ் 50 கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேன். பள்ளிக்கூட வேலைக்குப் போய்வர. சம்பளத்திலேயே தவணை கட்டிவிடுகிறேன் என்றேன். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வண்டி, பஸ்ஸு இருக்குதே” என்று முடித்துவிட்டார் அப்பா. அப்பாவை இப்போது குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. அடுத்த வாரம் அவருக்குத் திதி. ஆனால் நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். முதல் ரவுண்டுக்குப் பேசினாய், இதற்குப் பேசவில்லை.

அப்புறம் நடந்ததை இங்கே எழுதவில்லை. உன் பின்னால் உட்கார்ந்திருந்தவனின் வீட்டார் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், இதைப் படிக்கவும் செய்வார்கள். நீ விமானம் ஏறிவிட்டாய். சந்தையில் அவன் அம்மாவைப் பார்ப்பது நான். “தம்பி நல்லா இருக்குதா கண்ணு?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நல்லா இருக்கான் என்பேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது. அவர் கீரைக்கட்டைப் புரட்டுவார், நான் தக்காளி பொறுக்குவேன். நம் மேட்டாங்காடு கைவிட்டுப் போனதையும், அந்த இரண்டு மூன்று வருஷம் என் ஜாதகத்தை யாருமே கையில் எடுக்காததையும் நான் இதுவரை உன்னிடம் பேசியதில்லை. சரி, அதை விடு.

அந்த ஆர்எக்ஸ் 98 சிசி, 11 குதிரைத்திறன். நீ புக் பண்ணியிருந்தது 399 சிசி, 45 குதிரைத்திறன். கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஏபிஎஸ் இருக்கிறது அம்மா, அது இருக்கிறது, இது இருக்கிறது என்று உன் மருமகன் பாடம் போல ஒப்பிக்கிறான். பிரேக் அடித்தால் சக்கரம் இறுகிப் போகாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும், ஒத்துக்கொள்கிறேன். சத்தி ரோட்டில் ராத்திரி பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர் டிப்பரை அது காட்டிக்கொடுக்காது. கண் அதைப் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நீயே சொல். 2022-இல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான்.

இன்னொன்று. போன கோடையில் வந்தபோது உன் சிநேகிதன் வண்டியை உன் மருமகன் கையில் கொடுத்து வாய்க்கால் ரோட்டில் ஓட்டச் சொன்னாய். அவனுக்கு அப்போது 17. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். 18 நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தாய்மாமனுக்கு என்ன தண்டனை என்று அதில் எழுதவில்லை.

2024 மே 19 அன்று புனேயில் நடந்ததை நீயும் பார்த்திருப்பாய். 17 வயதுப் பையன், போர்ஷே கார். பைக்கில் போன இரண்டு இளம் இன்ஜினியர்கள் செத்துப் போனார்கள். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று சொல்லி அவனை ஜாமீனில் விட்டார்கள். ஊரே கொதித்த பிறகு அவன் அப்பாவைக் கைது செய்தார்கள். டிவியில் எல்லாரும் அந்தக் காரையே காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இரண்டு பேரின் அம்மாக்கள் சந்தைக்குப் போவார்களா என்று ஓடியது. உனக்கு என்ன ஓடியது என்று நான் கேட்டதில்லை.

கார்த்திகையில் உன் மருமகனுக்கு 18. எல்எல்ஆர் போட்டு, ஆர்டிஓ ஆபீஸில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கட்டும். அதுவரை வீட்டு ஸ்ப்ளெண்டரில் அவர் பக்கத்தில் நின்று பழக்குவார். படிப்பு முடிந்து சம்பாதிக்க ஆரம்பித்தால், எந்த வண்டி என்பதை அவனே முடிவு செய்யட்டும், அப்போது பாதிப் பணத்தை மாமா போடு. இது நானும் அவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

உன் மருமகள் காலேஜுக்குப் போய் இது மூன்றாவது வருஷம். காலையில் ஏழேகாலுக்கு நான் நின்ற அதே ஸ்டாப்பில் நிற்கிறாள். படியில் தொங்கும் கூட்டத்தில் ஒரு கால் வைக்க இடம் தேடுகிறாள். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. அவளுக்கு என்ன வண்டி பிடிக்கும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. சீர் செய்தே தீருவேன் என்றால் அவளுக்கு ஒரு ஸ்கூட்டர் எடுத்துக்கொடு. கலரை அவள் சொல்லட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அவன் என்னோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். இன்றோ நாளையோ உனக்குப் போன் பண்ணுவான். “உங்கம்மா விடமாட்டேங்குறா” என்று மட்டும் சொல்லாதே. நானும் உங்கம்மாவும் பேசித்தான் வேண்டாம் என்றோம் என்று சொல். நீ சொன்னால் அவன் கேட்பான்.

அன்புடன்,
அக்கா