ஆட்டுப் பேன் மருந்து: கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். "போன தடவை குடுத்த மருந்து கேக்கல, வேற குடுங்க" என்று செம்மறிக்காரர் கடையில் கேட்டால், சைபர்மெத்ரினுக்குப் பதில் டெல்டாமெத்ரின் கிடைக்கிறது. அதுவும் கேட்கவில்லையா, அடுத்தது ஃப்ளுமெத்ரின். மூன்றும் பைரித்ராய்டு என்கிற ஒரே குடும்பம். ஒன்றைத் தாங்கப் பழகிய பேன் மற்றதையும் பெரும்பாலும் தாங்கிவிடும். காசு போனதுதான் மிச்சம்.

ஆஸ்திரேலியாவில் 1980களிலேயே செம்மறிப் பேன் பைரித்ராய்டுக்கு அடங்காமல் போனது. அப்புறம் பேன் குஞ்சைத் தோலுரிக்க விடாத மருந்துகளுக்கு மாறினார்கள். 2000களில் அவையும் பல மந்தைகளில் பலிக்கவில்லை.

புட்டியில் குடும்பப் பெயரைத் தமிழில் பெரிதாக அச்சிடச் சொன்னால், அது தில்லி வரை போகிற சமாச்சாரம் என்பீர்கள். சரி, உங்கள் கால்நடை மருந்தகச் சுவரில் ஒரு பலகை வைக்கலாமே? எந்த மருந்து எந்தக் குடும்பம், எதற்குப் பிறகு எதற்கு மாற வேண்டும் என்று எழுதினால் போதும். ஐவர்மெக்டின் ஊசி, இரத்தம் உறிஞ்சும் பேனைக் கொல்லும் அளவுக்குத் தோல் செதிலைக் கடித்துத் தின்னும் பேனைக் கொல்லாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. குடத்துத் தண்ணீருக்கு மூடிக் கணக்கில் மருந்து ஊற்றுகிறோம். அரைகுறை மருந்தில் தப்பிய பேன்தான் பெருகுகிறது. மருந்து ஈரைக் கொல்வதில்லை. ஈர் பொரிக்கச் சுமார் 10 நாள் ஆகும் என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடி போட வேண்டும். அந்த இரண்டாவது தடவையைத்தான் விட்டுவிடுகிறோம். உண்ணி மாதிரி பேன் சுவர் இடுக்கில் போய் முட்டையிடாது, ஆட்டு மேலேயே பிறந்து அங்கேயே சாகும். பட்டிக்கு மருந்தடிக்கிற செலவு வீண்.

கிடைதான் பெரிய சிக்கல். நாலு பேர் ஆடு ஒரே வயலில் இரவெல்லாம் ஒட்டிப் படுக்கிறது. மூன்று பேர் மருந்து போட்டு, ஒருவர் சினை ஆடு என்று விட்டுவைத்தால் கிடையில் இருக்கிற எல்லா ஆட்டுக்கும் திரும்பப் பேன் ஏறும். எங்களுக்குள் பேசிப் பார்த்தால் சண்டைதான் வருகிறது. டாக்டர் சொன்னால் கேட்பார்கள்.

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிக்கு உங்கள் ஆட்கள் வரும் நாளில் எல்லா ஆடும் ஓரிடத்தில் நிற்கிறது. அன்றைக்கே சில ஆடுகளின் மயிரை விலக்கிப் பேன் பார்த்து, எல்லாருக்கும் ஒரே தேதி குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சரியான அளவில் போட்டும் சாகாத பேனைப் பிடித்து மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குச் சோதனைக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
செம்மறி வளர்ப்பவர்களில் ஒருவன்