தொட்டியை முதலில் வரையுங்கள்: விண்கலம் படைப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் அறிவியல் புனைகதை எழுதுவோர், சித்திரக்கதை வரைவோர், திரைப்படக் கலை இயக்குநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கதைகளில் பறக்கும் விண்கலங்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பலவற்றில் எரிபொருள் தொட்டியையே காணோம். வெப்பத்தை வெளியே தள்ள ஒரு தகடுகூட இல்லை. முதலில் உருவத்தை வரைந்துவிட்டு, எஞ்சினை எங்கே திணிப்பது என்று பிறகு யோசிப்பதால் வரும் வினை இது. கணக்கை முதலில் போடுங்கள், உருவம் தானாக வரும் என்பதே எங்கள் கோரிக்கை. செவ்வாய்க்கு ஆறு பேரை ஏற்றிச் செல்லும் ஒரு கலத்தை வைத்தே பார்ப்போம்.

பூமியின் தாழ்வான சுற்றுப்பாதையிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்ப, கலத்தின் வேகத்தை நொடிக்கு சுமார் 3.7 கிலோமீட்டர் கூட்ட வேண்டும். அங்கே போய்த் தாழ்வான பாதையில் அமர ஏறக்குறைய 2 கிலோமீட்டர் குறைக்க வேண்டும். வழியில் செய்யும் திருத்தங்களையும் சேர்த்து, போவதற்கு மட்டும் நொடிக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பி வருவதற்கான எரிபொருள் வேறொரு கலத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருக்கட்டும். அதையும் கூடவே சுமந்தால் கணக்கு கையை விட்டுப் போய்விடும்.

ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சூத்திரம்தான் இங்கே எஜமான். தேவையான வேகத்தை, எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகத்தால் வகுங்கள். 2.718 என்ற எண்ணை அந்த விடையின் அடுக்குக்கு உயர்த்துங்கள். கிளம்பும்போது கலத்தின் எடை, எரிபொருள் தீர்ந்த பிறகு இருக்கும் எடையைப் போல எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். திரவ ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் எஞ்சினில் வாயு நொடிக்கு 4.4 கிலோமீட்டரில் வெளியேறும். மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் இஸ்ரோவின் சிஇ-20 எஞ்சினும் இந்த ரகம்தான். அதை வைத்துப் போட்டால் 3.9 மடங்கு வருகிறது. அதாவது காலித் தொட்டிகளையும் சேர்த்து 100 டன் எடையுள்ள கலத்துக்கு 290 டன் எரிபொருள் வேண்டும்.

அணு உலையில் ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பீய்ச்சும் எஞ்சினில் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு, 8.8. இது வெறும் கற்பனை இல்லை. நெர்வா என்ற பெயரில் அமெரிக்கர்கள் 1960-களில் நெவாடா பாலைவனத்தில் இயக்கிப் பார்த்து, 1973-இல் மூட்டை கட்டிவைத்தது. விண்ணுக்குப் போனதில்லை. இதற்கு 98 டன் ஹைட்ரஜன் போதும்.

எழுத்தாளர்கள் வழுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. எரிபொருளின் எடை மூன்றில் ஒரு பங்காகிவிட்டதே, கலமும் சிறிதாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். திரவ ஹைட்ரஜன் கனமீட்டருக்கு வெறும் 71 கிலோ. 98 டன்னுக்கு 1,380 கனமீட்டர் தொட்டி வேண்டும். 8 மீட்டர் விட்டம் என்றால் நீளம் 27 மீட்டரைத் தாண்டும். முன்பு சொன்ன 290 டன் கலவைக்கோ ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டுக்கும் சேர்த்து 810 கனமீட்டர் போதும். எடை குறைந்தாலும் தொட்டி பெருத்துவிடுகிறது. ஆகவே அணு எஞ்சின் பொருத்திய கலத்தில் கண்ணில் படுவதெல்லாம் தொட்டியாகவே இருக்கும். ஆட்கள் வசிக்கும் பகுதி அதன் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் கொதிப்பது. செவ்வாய்க்குப் போக எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். பல அடுக்குப் பளபளப்புத் தாளும், வெயில் மறைப்பும், குளிரூட்டும் இயந்திரமும் இல்லாவிட்டால் போய்ச் சேருவதற்குள் தொட்டியில் கணிசமான பங்கு ஆவியாகிவிடும். கதைக்கு இதைவிட நல்ல விபத்து வேண்டுமா? வெடிப்பு வேண்டாம், எதிரி வேண்டாம். குளிரூட்டி ஒன்று மெதுவாகத் திணறினால் போதும். எஞ்சினை அணைத்த பிறகும் உலை உடனே ஆறிவிடாது என்பதையும் மறக்காதீர்கள். எஞ்சிய கதிரியக்கம் வெப்பம் தந்துகொண்டே இருப்பதால், மணிக்கணக்கில் ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட வேண்டும். அந்தச் செலவும் கணக்கில் சேரும்.

இந்த எஞ்சினில் பெரும்பகுதி வெப்பம் வாயுவோடு வெளியே போய்விடுகிறது. மின்சாரத்தால் துகள்களை வேகப்படுத்திப் பீய்ச்சும் அயனி எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் கதை வேறு. 1 மெகாவாட் மின்சாரம் தரும் உலை, 25 சதவீதத் திறனில் ஓடினால், 3 மெகாவாட்டைக் கழிவு வெப்பமாகக் கொட்டும். வெற்றிடத்தில் காற்றும் இல்லை, நீரும் இல்லை. கதிர்வீச்சாக மட்டுமே அதை வெளியேற்ற முடியும். வெப்பத்தை வீசும் தகடான ரேடியேட்டரின் வெப்பநிலை 500 கெல்வின் என்றால், இரு பக்கமும் வெப்பம் வீசும் தகடு 470 சதுர மீட்டர் வேண்டும். 800 கெல்வினுக்கு உயர்த்தினால் 72 சதுர மீட்டரில் முடிந்துவிடும், ஏனென்றால் வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அப்படியானால் எப்போதும் சூடாகவே வைத்துக்கொள்ளலாமே என்றால், ரேடியேட்டர் சூடாக ஆக உலையின் திறன் குறையும், குழாய்கள் பழுதாகும். இந்த இழுபறிதான் கலத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் பெரும்பாலான படங்களில் கலத்துக்கு இறக்கை இருக்கிறது, ரேடியேட்டர் இல்லை.

ரேடியேட்டரை முக்கோணமாக வரையுங்கள். காரணம் இருக்கிறது. உலையைச் சுற்றிலும் கவசம் போட்டால் எடை தாங்காது. ஆகவே ஆட்கள் இருக்கும் திசையில் மட்டும் ஒரு தடித்த கவசம் வைத்து, நீண்ட சட்டகத்தின் மறுமுனையில் உலையைத் தள்ளிவைப்பார்கள். கவசத்தின் நிழல் கூம்பு வடிவில் முன்னோக்கி விரியும். ரேடியேட்டர் அந்தக் கூம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், அதில் படும் கதிர்வீச்சு சிதறி ஆட்கள் பக்கம் திரும்பிவிடும். இதே காரணத்தால் வேறொரு கலம் முன்பக்கமாக மட்டுமே வந்து இணைய வேண்டும். உங்கள் நாயகன் பின்பக்கமாக வீரமாக நுழையும் காட்சியை மறுபடி எழுதுவது நல்லது.

செயற்கை ஈர்ப்புக்குக் கலத்தைச் சுழற்றுவதாக இருந்தால் ஆரத்தைக் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 2 சுற்றில் பூமியின் ஈர்ப்பு வேண்டுமென்றால் ஆரம் 224 மீட்டர். 4 சுற்று என்றால் 56. செவ்வாயின் ஈர்ப்பு போதும் என்றால் அதே 4 சுற்றில் 21 மீட்டரில் முடியும், ஆனால் தலையைச் சட்டென்று திருப்பினால் குமட்டும். பத்து மீட்டர் வளையத்தில் ஆட்கள் சாவகாசமாக ஓடுவது நடக்கிற காரியம் இல்லை.

உள்ளே வருவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜனும், பொட்டலத்தோடு சேர்த்து 1.8 கிலோ உணவும் என்று வையுங்கள். ஆறு பேர், போய்த் தங்கித் திரும்ப 900 நாள் என்றால் உணவு மட்டும் 9.7 டன். இந்தச் சாமான்களைக் கண்ட இடத்தில் அடுக்காதீர்கள். நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு 1.8 மில்லிசீவர்ட். சூரியப் புயல் வந்தால் அது பல மடங்காகும். 1972 ஆகஸ்டில், அப்பல்லோ 16-க்கும் 17-க்கும் இடையில், அப்படி ஒன்று வந்துபோனது. ஆகவே தண்ணீரையும் உணவையும் ஒரு சிறிய அறையைச் சுற்றி அடுக்கிப் புயல் அறை ஆக்குங்கள். ஈயத் தகடு வேண்டாம். விண்வெளியின் வேகமான துகள்கள் அதில் மோதி மேலும் துகள்களைக் கிளப்பும். ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரும் பாலிஎத்திலீனும் மேல்.

கதவுகளைப் பற்றி ஒன்று. 1997 ஜூனில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் சரக்குக் கலம் மோதி ஸ்பெக்டர் பகுதி ஓட்டையானது. கதவை உடனே மூட முடியவில்லை, ஏனென்றால் வாசல் வழியாக மின்கம்பிகள் ஓடின. அவற்றை அப்புறப்படுத்திய பிறகே அடைக்க முடிந்தது. உங்கள் கலத்திலும் வாசல் வழியே கம்பியும் காற்றுக் குழாயும் ஓடட்டும், நிஜமாக இருக்கும். அப்பல்லோ 13-இல் ஒரு பகுதியின் கரியமில வாயு வடிகட்டி சதுரம், இன்னொன்றினுடையது வட்டம். உதிரிப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதை எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள்.

தாய்க்கலத்தைத் தரையில் இறக்காதீர்கள். இறங்குவதற்குத் தனிக் கலம் வேண்டும், அதுவும் கோளுக்கு ஒரு மாதிரி. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு; பாராசூட் மட்டும் போதாது, கடைசியில் ராக்கெட்டால்தான் நிற்க வேண்டும். சனியின் துணைக்கோளான டைட்டனில் காற்று அவ்வளவு அடர்த்தி, 2005-இல் ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் பாராசூட்டில் தொங்கியபடி இரண்டரை மணி நேரம் இறங்கியது. வெள்ளியில் 1982-இல் இறங்கிய சோவியத் கலம் வெனேரா 13, வெந்துபோகும் முன் 127 நிமிடம் வேலை செய்தது. அங்கே ஆட்களை இறக்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள்.

அடுத்த கதைக்கு ஓவியரிடம் உருவம் கேட்கும் முன், ஒரு தாளில் காலி எடை, எரிபொருள், தொட்டியின் கொள்ளளவு, கழிவு வெப்பம், ரேடியேட்டரின் பரப்பு, ஆட்கள், நாட்கள் என்று ஏழு வரி எழுதி அவரிடம் கொடுங்கள். கூட்டல் சரியா என்று பார்த்துத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
உங்கள் கதைகளைப் பென்சிலோடு உட்கார்ந்து படிக்கும் வாசகர்கள் சிலர்