கார்த்திகைப் புல்

அன்புள்ள கண்ணுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

நீ அயர்லாந்தில் கார்க்கிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பச்சைப் புல்வெளிக்குள் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றின பெரிய பெரிய உருண்டைகள். இது என்னவென்று தெரியுமா என்று கேட்டிருந்தாய். தெரியும். மே மாதம் மாடு மேய்ந்தது போக மிஞ்சுகிற புல்லை வெட்டிக் காற்றுப் போகாமல் சுற்றிப் புளிக்க வைக்கிறார்கள், பனிக்காலத்துக்கு. நம் பக்கம் ஊறுகாய்ப்புல் என்கிறோமே, அதுதான். நமக்கு எல்லாம் தலைகீழ். இங்கே புல் மிஞ்சுவது ஐப்பசி கார்த்திகையில். மே மாதம்தான் பஞ்சம்.

மாட்டையெல்லாம் விற்றுவிடுங்கள் என்று போன வாரம் போனில் சொன்னாய். நான் வெடுக்கென்று பேசிவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னதில் பாதி நியாயம். போன சித்திரையில் சோளத்தட்டு வாங்கியே பால் காசு கரைந்தது. போர் அரை மணி நேரம் ஓடினால் காற்றுதான் வருகிறது. பி.ஏ.பி., அதுதான் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் நம் மண்டலத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதிலும் நாம் கடைமடை. மழையை நம்பின மேய்ச்சல் நிலம்தானே கொரங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து நின்றாலும் மாடு கடிக்கும். ஆனால் கறவைக்கு அது காணாது. அதனால் ஏழில் மூன்றைக் கொடுத்துவிட்டேன். கார்த்திகையில் கிணற்றடிக் காட்டைப் பார்த்து மாட்டு உருப்படி வாங்கியதுதான் நான் செய்த தப்பு. அந்தப் பச்சையைப் பார்த்தால் யாருக்கும் இன்னும் இரண்டு பிடிக்கத்தான் தோன்றும்.

முந்தின வருஷம் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. ஊறுகாய்ப்புல் போடுகிறேன் என்று மழைக்கு நடுவே அவசரப்பட்டு ஈரப்புல்லை அப்படியே குழியில் போட்டு மூடினேன். பத்து நாளில் அடியிலிருந்து காப்பி நிறத்தில் சாறு கசிந்து பழைய கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. புல் சாறுதானே என்றிருந்தேன். வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு கெடுதலாம் அது. தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவையே தின்றுவிடுகிறது. குழியைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்தனையும் எருக்குழிக்குப் போயிற்று.

இந்தத் தடவை குழி மேட்டில், கிணற்றுக்கு எட்டத்தில். 10 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம். நாம் போட்டிருக்கிற கோ 4 தீவனப் புல் 45 நாளில் அறுப்புக்கு வரும். விட்டால் தண்டு முற்றி மாடு துப்பும். மழை விட்ட இரண்டு நாள் இடைவெளியில் வெட்டி, ஒரு பகல் முழுக்க வெயிலில் வாட விட்டேன். நறுக்கினதை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறந்து பார்க்க வேண்டும். சாறு சொட்டினால் இன்னும் வாட வேண்டும். பட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்ல மெல்ல விரிய வேண்டும், உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்ட வேண்டும். அதுதான் பதம்.

100 கிலோ புல்லுக்கு 2 கிலோ வெல்லம் கரைத்துத் தெளித்தேன், 1 கிலோ உப்பு. இந்தப் புல்லில் இனிப்புச் சத்து குறைவு. வெல்லம் இல்லாமல் சரியாகப் புளிக்காது. அடுக்கு அடுக்காகப் போட்டு மிதித்தோம். அம்மா வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "மாங்காய் ஊறுகாய்க்குக் காத்துப் போகக்கூடாதுன்னு நான் சொன்னா கேக்க மாட்டீங்க, மாட்டு ஊறுகாய்னா மட்டும் கேக்கறீங்க" என்றாள். ஊறுகாய்ப்புல் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்.

45 நாள் கழித்துத் தை மாதத்தில் ஒரு மூலையை மட்டும் திறந்தேன். பழுத்த பழம் மாதிரி லேசான புளிப்பு வாசனை, ஆலிவ் பச்சை. சிவலைப் பசு முதலில் மூக்கை வைத்து ஊதினாள், நக்கினாள், அப்புறம் கூடையையே இழுத்துக்கொண்டாள். உடனே திரும்ப மூடிவிட்டேன். குழியில் ஏறக்குறைய நாலு டன் இருக்கும். நாலு மாட்டுக்கு ஆளுக்கு 15 கிலோ என்றால் இரண்டு மாதம் ஓடும். பங்குனிக் கடைசியில் திறந்தால் வைகாசி வரைக்கும் வரும்.

மாட்டு ஏப்பத்தில் வருகிற மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது என்றாயே, மறுக்கவில்லை. வெறும் தட்டைத் தின்று இரண்டு லிட்டர் கறக்கிற மாடும் ஏப்பம் விடத்தான் செய்கிறது. நல்ல தீவனம் தின்று எட்டு லிட்டர் கறந்தால் லிட்டர் கணக்குக்கு அது குறைவு. இதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும் என்று உன் சிநேகிதர்களிடம் கேட்டுச் சொல்.

சித்திரையில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். குழிக்குப் போர்த்தின தார்ப்பாயில் எலி ஓட்டை போட்டிருக்கிறது. ஒட்டுவதற்கு அந்த ஊரில் நல்ல பசை நாடா கிடைத்தால் இரண்டு சுருள் வாங்கி வா. சாக்லேட் வேண்டாம், அம்மாவுக்குச் சர்க்கரை.

அன்புடன்,
அப்பா