பேரனின் கணக்கும் மேட்டூர்த் தண்ணீரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழை விட்டதும் போகிறது.

உன் பையன் தம்பிக்குப் பள்ளியில் அறிவியல் குறியீட்டில் (50 கோடியை 5 × 10⁸ என்று பத்தின் அடுக்கோடு எழுதுவது) வகுத்தல் நடத்துகிறார்கள், "கால்குலேட்டர் இருக்கும்போது இது எதற்கு?" என்று முரண்டு பிடிக்கிறான் என்று சொன்னாய். நியாயமான கேள்விதான். போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் உனக்கு அலுவலக அழைப்பு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அவனுக்குச் சொல்.

விதி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் நிற்கும் எண்ணை எண்ணால் வகுக்க வேண்டும். பத்தின் அடுக்குகளில் மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழிக்க வேண்டும். இது அவனுக்கே தெரிந்திருக்கும். எதை முதலில் பார்ப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. என்னைக் கேட்டால் அடுக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விடை நூறில் முடியுமா கோடியில் முடியுமா என்பதை அதுதான் சொல்லும். முன்னால் நிற்கும் எண் வெறும் சில்லறை.

உங்கள் அமெரிக்கக் கதையையே சொல்கிறேன். 2020 மார்ச்சில் அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகினாரே மைக்கேல் புளூம்பெர்க், அவர் விளம்பரத்துக்கு 50 கோடி டாலர் செலவழித்திருந்தார். அமெரிக்க மக்கள்தொகை 32.7 கோடி. அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் கிடைத்திருக்கும், மிச்சமும் இருந்திருக்கும் என்று யாரோ ட்விட்டரில் எழுதினார்கள். அதை ஒரு தேசியத் தொலைக்காட்சியில் திரையில் காட்டி, படித்தவர்கள் இருவர் உட்கார்ந்து தலையாட்டினார்கள். பிறகு திருத்திக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். 5 × 10⁸-ஐ 3.27 × 10⁸-ஆல் வகுக்க வேண்டும். எட்டில் எட்டு போனால் பூஜ்யம், 10⁰ என்பது 1. பேனாவே எடுக்க வேண்டாம், விடை ஒற்றை இலக்கம் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. ஆளுக்கு ஒன்றரை டாலர். அங்கே அதற்கு ஒரு காப்பிகூட வராது என்று நினைக்கிறேன்.

கால்குலேட்டர் இருந்திருந்தால்? தம்பியை அதே கணக்கை அப்படியே தட்டச் சொல்: 5 × 10⁸ ÷ 3.27 × 10⁸. அடைப்புக்குறி போடாவிட்டால் அது இடமிருந்து வலமாகப் போகும். 3.27-ஆல் மட்டும் வகுத்துவிட்டு 10⁸-ஆல் மறுபடி பெருக்கிவிடும். திரையில் 1.529-உம் அடுக்கு 16-உம் வந்து நிற்கும். அதாவது ஆளுக்கு 150 கோடி கோடி டாலர்! எட்டில் எட்டு போனால் என்ன என்று தெரிந்த பையன் அதைப் பார்த்துச் சிரிப்பான். தெரியாதவன் விடைத்தாளில் எழுதி வைப்பான்.

2019 வறட்சியில் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததல்லவா? ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு வந்த முதல் ரயிலில் 50 வேகன்கள், மொத்தம் 25 லட்சம் லிட்டர். கேட்கும்போது பெரிய கடல்போல இருந்தது. மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 70 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார். (2.5 × 10⁶) ÷ (7 × 10⁶). மறுபடியும் அடுக்குகள் அடிபட்டுப் போகின்றன. ஆளுக்கு ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். வாய் கொப்பளிக்கலாம், குளிக்க முடியாது. ரயில் விட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. வகுத்துப் பார்க்காமல் அதைக் கொண்டாடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் அணையில் வேலை பார்த்த காலத்தில் 11,574 என்ற எண்ணை எங்கள் அலுவலகத்தில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு டி.எம்.சி. என்பது 10⁹ கன அடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி, அதாவது 8.64 × 10⁴. வகுத்தால் 0.11574 × 10⁵. குறியீட்டில் முன்னெண் 1-க்குக் குறையக் கூடாது என்பதால் புள்ளியை ஓரிடம் வலப்பக்கம் தள்ளி, அடுக்கில் ஒன்றைக் குறைக்கிறோம்: 1.1574 × 10⁴. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் நாள் முழுவதும் திறந்துவிட்டால் ஒரு டி.எம்.சி. போய்விடும். புள்ளியைத் தள்ளிவிட்டு அடுக்கைக் குறைக்க மறப்பதில்தான் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிறார்கள். தம்பியின் நோட்டிலும் அதைக் கவனித்துப் பார்.

மேட்டூர் 120 அடியைத் தொட்டால் மலர் தூவுவார்கள். டெல்டாவுக்கு இனிக் கவலையில்லை என்று பத்திரிகையில் எழுதுவார்கள். 1934-இல் கட்டி முடித்த அந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 9.347 × 10¹⁰ கன அடி. விநாடிக்கு 12,000 கன அடி திறக்கிறார்கள், மேலிருந்து சொட்டு நீர் வரவில்லை என்று வைத்துக்கொள். 1.2 × 10⁴-ஆல் வகுத்தால் 7.789 × 10⁶ விநாடி. அதை மறுபடி 8.64 × 10⁴-ஆல் வகுத்தால் 0.90 × 10². தொண்ணூறு நாள்! அதுவும் அடியில் கிடக்கும் சேற்று நீர் வரை வழித்து எடுத்தால்தான். வெயில் குடிப்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், ஏறக்குறைய 230 நாள். நிரம்பி வழியும் அணை அதில் பாதிக்குக்கூடத் தாங்காது. காவிரிக்காக இத்தனை காலமாக ஏன் மல்லுக்கட்டுகிறோம் என்பது இந்த இரண்டு வகுத்தலில் தெரிந்துவிடுகிறது. தலையங்கங்களில் இவ்வளவு தெளிவாகப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

கழித்தல் குறி வரும் அடுக்குக்கு ஒரு வீட்டுக் கணக்கு. நம் கொல்லைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்ற ஆள் வருவதற்குள் அம்மா அடியில் குடம் வைத்துவிட்டாள். 20 சொட்டு ஒரு மில்லி என்று கொண்டால், ஒரு சொட்டு 5 × 10⁻⁵ லிட்டர். குடம் 15 லிட்டர், 1.5 × 10¹. அடுக்கில் 1-இலிருந்து −5-ஐக் கழித்தால் 6. கழித்தலைக் கழித்தால் கூட்டல், இங்கேதான் பலர் −4 என்று எழுதிவிடுவார்கள். 0.3 × 10⁶, அதாவது 3 × 10⁵ சொட்டு. விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் குடம் நிறைய ஏறக்குறைய மூன்றரை நாள். அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் வாஷர் வாங்கி வந்திருக்கலாமே என்றாள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இங்கே லட்சம், கோடி. அங்கே மில்லியன், பில்லியன். நீ இங்கே படித்தவள், அவன் அங்கே படிக்கிறவன். லட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷. கணக்கைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் பத்தின் அடுக்காக மாற்றி எழுதச் சொல். இல்லாவிட்டால் நீங்கள் இருவரும் வேறு வேறு விடையோடு சண்டை போடுவீர்கள்.

அவனுக்கு ஒரு கணக்கு தருகிறேன். உங்கள் பீனிக்ஸுக்கும் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றில், ஹூவர் அணைக்குப் பின்னால் இருக்கும் மீட் ஏரி நிரம்பினால் சுமார் 2.6 கோடி ஏக்கர்-அடி பிடிக்கும். ஓர் ஏக்கர்-அடி 43,560 கன அடி. மேட்டூர் அதில் எத்தனை அடங்கும்? கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் அடுக்குகளை மட்டும் வைத்து, விடை ஒற்றை இலக்கமா இரட்டை இலக்கமா என்று சொல்லட்டும். பிறகு முழுவதும் போட்டு, தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொல். இடையில் போட்ட வரிகளையும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா