இ ஆன்டிஜென் நெகட்டிவ் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கல்லீரல் நலக் கட்டுரையில், ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு 'இ ஆன்டிஜென்' (வைரஸ் ரத்தத்தில் வெளியிடும் ஒரு புரதம்) நெகட்டிவ் ஆகிவிட்டால் வைரஸ் அடங்கிவிட்டது என்று இருந்தது. பலருக்கு அது சரிதான். ஆனால் அந்த ஒரு வரியை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடுபவர்கள் சிலர், பிறகு சிரோசிஸோடுதான் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நிலை) மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

இந்த வைரஸின் மரபணு ஏறத்தாழ 3,200 எழுத்துகள் கொண்டது. அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் பிறழ்வுகள் வந்துகொண்டே இருக்கும். 1896-ஆம் இடத்தில் 'ஜி' இருக்கவேண்டிய இடத்தில் 'ஏ' வந்துவிட்டால் இ ஆன்டிஜென் உருவாகாமலே போகிறது. வைரஸ் பெருகுவது மட்டும் நிற்பதில்லை. இந்தியாவில் பரவலான டி வகை வைரஸில் இது எளிதில் நேர்கிறது. 1762, 1764 ஆகிய இடங்களில் சேர்ந்தே வரும் இரட்டை மாற்றம் இன்னும் கவலைக்குரியது. கல்லீரல் புற்றுநோய் அபாயம் கூடுவதோடு அதற்குத் தொடர்பு உண்டு.

இதற்காக எல்லோரும் பிறழ்வுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனையும், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடும் பார்த்தால் போதும். ஒரே முறை பார்த்து முடிவுகட்டக் கூடாது. இ ஆன்டிஜென் இல்லாமலே வைரஸ் பெருகும் இந்த வகை நோயில் இரண்டும் ஏறி இறங்கும். முதல் ஆண்டில் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வைரல் லோடு ஒரு மில்லிலிட்டருக்கு 2,000 யூனிட்டைத் தாண்டி எஸ்.ஜி.பி.டி.யும் உயர்ந்தே இருந்தால் மருந்து தேவை. சிரோசிஸ் வந்தவருக்கோ, ரத்தத்தில் வைரஸ் சிறிதளவு தெரிந்தாலே மருந்து உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் கட்டாயம்.

முன்பு இந்த வைரஸுக்காக லாமிவுடின் என்ற பழைய மருந்து சாப்பிட்டவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த மருந்தை ஐந்து ஆண்டுகள் எடுத்தவர்களில் சுமார் 70 சதவீதத்தினருக்கு, முக்கியமாக வைரஸைப் படியெடுக்கும் அந்த நொதியின் 204-ஆம் இடத்து மாற்றத்தால், மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற வைரஸ் வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு என்டகாவிர் என்ற மருந்தைக் கொடுத்தால் அதுவும் நாளடைவில் பலிக்காமல் போகக்கூடும், டெனோஃபோவிர் என்ற மருந்துதான் பொருத்தம். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து: வைரஸ் மீண்டும் பெருகி, சிரோசிஸ் உள்ளவருக்குக் கல்லீரலே செயலிழக்கலாம்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லீரல் நோய் மருத்துவர், மதுரை