பையை எடுத்த பிறகு நடப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில், மலக்குடல் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கரன்ட் (கதிர்வீச்சு) வைத்தது, ஆபரேஷன், வயிற்றில் மலம் சேரும் பை மாட்டியது, கீமோ என்று எல்லாம் விவரமாக இருந்தது. நல்ல கட்டுரை, வீட்டில் எல்லோரும் படித்தோம். ஆனால் கடைசியில் "சில மாதங்களில் பையை அகற்றிவிட்டார்கள், இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் எனக்கு ஒரு முழு வருடம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 51 வயது. அரசுப் பேருந்தில் நடத்துநர், திண்டுக்கல் - பழனி தடம். 2023-ல் கட்டி இருப்பது தெரிந்தது. முதலில் கரன்ட் வைத்தார்கள், மே மாதம் ஆபரேஷன். கட்டி கீழே இருந்ததால் மலக்குடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மேலே இருந்த பெருங்குடலைக் கீழே இறக்கி ஆசனவாய்க்குப் பக்கத்தில் தைத்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அந்த வழியாக மலம் போகக் கூடாது, அதனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வலது பக்க வயிற்றில் வெளியே எடுத்து அங்கே பை மாட்டினார்கள். தையல் ஆற இரண்டு மூன்று மாதம் போதுமாம், ஆனால் எனக்கு கீமோ முடிய வேண்டியிருந்ததால் ஒன்பது மாதம் பையோடு இருந்தேன். அந்த ஒன்பது மாதமும் டாக்டரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான், "பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்." நாள்காட்டியில் தேதியைக் கிழிக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2024 பிப்ரவரியில் எடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்த ஆபரேஷன் பெரிய கஷ்டமில்லை. அதற்கு முன்பு கீழ் வழியாக மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, உள்தையலில் ஒழுகல் இல்லை என்று உறுதி செய்தார்கள். பழைய தழும்பைத் தொடவே இல்லை, பை இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் வெட்டி, குடலை இணைத்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம்தான். புண்ணை முழுக்க மூடாமல், நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாயை இழுப்பது போலச் சுற்றித் தைத்து, நடுவில் சின்ன ஓட்டை விட்டிருந்தார்கள். கிருமி உள்ளே அடைபடாமல் நீர் வடிவதற்காக அப்படி. முதலில் அதைப் பார்த்து மிரண்டுபோனேன், தினமும் கட்டு மாற்றி ஐந்து வாரத்தில் தானாகவே மூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். தினமும் காலையில் வந்து "காத்து பிரிஞ்சுதா?" என்றுதான் கேட்பார்கள். ஆபரேஷன் ஆன குடல் சில நாள் அசையாமல் கிடக்கும், காற்றுப் பிரிந்தால் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு மூன்றாம் நாள் பிரிந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கு வயிறு உப்பி வாந்தி எடுத்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டு வைத்திருந்தார்கள், ஒரு வாரம் கழித்து அவருக்கும் சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. முதல் வாரம் ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் போனேன். போய்விட்டு வந்து லுங்கியைக் கட்டுவதற்குள் மறுபடி வரும். ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை போவேன், அப்புறம் மூன்று மணி நேரம் ஒன்றுமே இருக்காது, சரி தூங்கலாம் என்று படுத்தால் திரும்ப ஆரம்பிக்கும். வருகிறது என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூட அடக்க முடியாது. காற்றா மலமா என்றே உடம்புக்குப் பிரித்துத் தெரியவில்லை. எரிச்சலோ, மிளகாய் அரைத்துத் தடவிய மாதிரி. கட்டிலிலிருந்து கக்கூஸுக்கு எங்கள் வீட்டில் பதினோரு எட்டு. என் மனைவி நடுவில் இருந்த நாற்காலி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கக்கூஸ் விளக்கை இரவு முழுக்க அணைக்காமல் விட்டிருந்தாள். கதவையும் சாத்த விடவில்லை. இரண்டு மாதம் அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் இரண்டு பேரும் படுத்திருந்தோம், அவளும் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தையல் விட்டுப்போச்சு, ஆபரேஷன் தோல்வி என்றே முடிவு செய்துவிட்டேன். ஒரு நாள் விடியற்காலையில் மனைவியிடம் "திரும்பப் பையையே மாட்டச் சொல்லிடலாம்" என்று சொல்லி அழுதேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் "அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே நூறு பேர் நின்றார்கள். ஆனால் அப்படித்தான் இருக்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும் என்றால் எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை? டிஸ்சார்ஜ் ஷீட்டில் மாத்திரை பெயர் இருந்தது, தையல் பிரிக்கும் தேதி இருந்தது, இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைசியில் சொன்னது அங்கே பை மாட்டக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மாதான். "மலக்குடல்ங்கிறது ஒரு தொட்டிண்ணே. அது நிறையற வரைக்கும் தேக்கி வச்சு, ஒரே தடவையா வெளிய விடும். இப்ப உங்களுக்குத் தொட்டி இல்ல, வெறும் குழாய்தான் இருக்கு. அதுவும் ஒன்பது மாசம் சும்மா கெடந்த குழாய், கரன்ட் பட்டு விறைச்சுப் போன இடத்துல தச்சது. அதைப் போயி உடனே வேலை செய்யின்னா எப்படிச் செய்யும்?" அவ்வளவுதான் சொன்னார், எனக்கு உயிர் வந்தது. இதற்கு லார்ஸ் என்று பெயரே இருக்கிறது, லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன் சிண்ட்ரோம் என்பதன் சுருக்கம், கீழ் மலக்குடலை எடுத்த பிறகு வரும் தொந்தரவுகள் என்று அர்த்தம். டென்மார்க் டாக்டர்கள் 2012-ல் ஐந்தே கேள்வியில் இதை அளக்க ஒரு கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காற்றை அடக்க முடிகிறதா, நீராகக் கசிகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறதா, ஓட வேண்டியிருக்கிறதா. மொத்தம் 42 மதிப்பெண், 30-ஐத் தொட்டாலே கடுமையானது. எனக்கு அன்று 36. இப்போது ஒன்றரை வருடம் கழித்து 24.

எனக்கு என்ன உதவியது என்று சொல்கிறேன், ஆனால் மாத்திரை விஷயத்தில் அவரவர் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். பேதியை மட்டுப்படுத்தும் லோபராமைடு 2 மில்லிகிராம், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. நான் முதலில் போய் வந்த பிறகு போட்டுக்கொண்டிருந்தேன், அதில் பிரயோஜனம் குறைவு. அளவு கூடிப்போனால் குடல் அடைத்துக்கொள்ளும், அதனால் டாக்டர் படிப்படியாகத்தான் ஏற்றி இறக்கினார். அப்புறம் இசப்கோல். மலச்சிக்கலுக்கு நிறையத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார்கள் அல்லவா, எனக்கு அதையே குறைந்த தண்ணீரில் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார்கள், உள்ளே இருக்கும் நீரை இழுத்து மலத்தைக் கெட்டிப்படுத்தும்.

சாப்பாட்டில் குழைந்த சாதம், தயிர், இட்லி, வாழைக்காய், உருளைக்கிழங்கு, ஜவ்வரிசிக் கஞ்சி ஒத்துக்கொண்டது. காபி, பால், பச்சை வெங்காயம், கீரை, கொண்டைக்கடலை, காரம் எல்லாம் முதல் இரண்டு மாதம் பக்கத்திலேயே சேர்க்கவில்லை, பிறகு ஒவ்வொன்றாக, ஒரு வாரத்துக்கு ஒன்று என்று சேர்த்துப் பார்த்தோம். எனக்குக் கீரை இப்போது ஒத்துக்கொள்கிறது, காபி இன்னும் இல்லை. மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் சாப்பிட்டதையும் போன தடவையையும் எழுதி வைத்தாள், டாக்டர் மருந்தை மாற்றியதே அந்த நோட்டைப் பார்த்துத்தான். இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கே முடித்துவிட்டதில் தூக்கம் கிடைத்தது. நீராகப் போகும் நாட்களில் ஓ.ஆர்.எஸ். குடித்தேன். போகிறதே என்று பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் மயங்கி விழுந்துதான் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறார்கள்.

தோலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சோப்பு கூடாது, தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய வேட்டியைக் கிழித்து வைத்த துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு. தோல் புண்ணாகும் முன்பே, முதல் நாளிலிருந்தே தடவ வேண்டும்.

பயிற்சி ஒன்று இருக்கிறது. காற்றை அடக்குவது போல ஆசனவாயை உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. யோகா தெரிந்தவர்கள் அசுவினி முத்திரை என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதேதான். நான் டெப்போவில் உட்கார்ந்துகொண்டே செய்வேன், யாருக்கும் தெரியாது. இதைப் பை இருக்கும்போதே ஆரம்பித்திருக்கலாம் என்று நர்ஸம்மா சொன்னபோதுதான் மனசு வலித்தது. ஒன்பது மாதம் வீட்டில் சும்மாதானே இருந்தேன்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். குடல் ஓட்டை, காயம் போன்ற காரணங்களுக்குப் பை வைத்து, மலக்குடல் அப்படியே இருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இருக்காது. அதே சமயம் பெருங்குடலை இடது பக்கம் வெளியே எடுத்து, கீழ்ப்பகுதியை மூடித் தைத்திருந்தால், அதைத் திரும்ப இணைப்பது என்னுடையதைவிடப் பெரிய ஆபரேஷன். என்னைப் போலக் கீழ் மலக்குடலை எடுத்து, கரன்ட்டும் வைத்தவர்களுக்குத்தான் இது அதிகம். ஒரு வருடம் தாண்டியும் குறையாதவர்களுக்குக் கீழ் வழியாக நீர் ஏற்றிக் குடலைக் கழுவிக்கொள்ளும் முறை இருக்கிறது, இடுப்புக்குப் பின்னால் நரம்பைத் தூண்டச் சின்னக் கருவி வைப்பதும் உண்டு. அப்படியும் முடியாமல் பைக்கே திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பையோடு நிம்மதியாகத் தூங்கிய ராத்திரிகள் எனக்கும் உண்டு.

ஆனால் காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி, வயிறு உப்பி வாந்தி, காற்றும் மலமும் அடியோடு நின்றுபோவது, ரத்தம், புண்ணில் சீழ், இதில் எது வந்தாலும் போகப் போகச் சரியாகும் என்று வீட்டில் இருக்கக் கூடாது, அன்றே போய்விட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் அதில் சேர்த்தி. பை இருந்த இடத்தில் குடலிறக்கம் வந்துவிடும்.

ஐந்தாம் மாதம் டூட்டிக்குப் போனேன், முதலில் டெப்போவிலேயே லைட் டூட்டி, பிறகு தடத்துக்கு. ரெட்டியார்சத்திரத்திலிருந்து பழனி வரைக்கும் எந்த பெட்ரோல் பங்க்கில் கக்கூஸ் திறந்திருக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஓட்டுநர் நல்லவர், என் முகத்தைப் பார்த்தே ஓரம் கட்டுவார், இரண்டு நிமிடம் பயணிகளும் பொறுத்துக்கொண்டார்கள். கட்டணக் கழிப்பிட வாசலில்தான் பாடு. அஞ்சு ரூபாய் சில்லறை இல்லையென்று என்னை நிறுத்திவைத்த ஒரு நாள் உண்டு, அன்று பாதியில் டூட்டியை விட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு ஆள் ஓடி வந்தால் முதலில் உள்ளே விடுங்கள், திரும்பி வந்து காசு கொடுப்பார். கழிப்பிடம் நடத்துகிறவர்களிடம் இதைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்களிடம் கேட்பது, அதே மருத்துவப் பக்கத்தில் அரைப்பக்கம். பை எடுக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே நோயாளியையும் வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லலாம், தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கையில் கொடுக்கலாம், அந்த ஐந்து கேள்வியும் அதில் இருக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரை எழுதும் டாக்டர்கள் சொன்னால் ஆஸ்பத்திரிகளில் கேட்பார்கள். நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

அடுத்த மாதம் எங்கள் கிளை ஓட்டுநர் ஒருவருக்குப் பை எடுக்கப் போகிறார்கள். போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் இவ்வளவையும் சொன்னேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் மனைவிதான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் "எத்தன மாசம்ணே ஆகும்?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரியும், ஒன்றரை இரண்டு வருடம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், எனக்கு இப்போது நாளைக்கு மூன்று தடவை என்றேன். கக்கூஸ் விளக்கு பியூஸ் போயிருப்பதாகவும் நாளைக்கே மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

என் பெயரைப் போட வேண்டாம். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பேருந்து நடத்துநர்,
திண்டுக்கல்.