வகுப்புச் சட்டை எங்கிருந்து வந்தது? சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் தமிழாசிரியர்களுக்கும், கல்வி அமைச்சில் தமிழ்ப் பாடநூல்களை உருவாக்குவோருக்கும் வணக்கம்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணின் தாய் நான். ஒரு பொருளைப் பயன்படுத்தி முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். நீல மறுசுழற்சித் தொட்டியில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது, நம் குப்பை நிரப்பிடமான செமாக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பதெல்லாம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். அந்தப் பொருள் கடைக்கு வருமுன் என்ன நடந்தது, யார் செய்தார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது, எந்த ஆறு அதற்காகக் கெட்டது என்று கேட்கவும் சொல்லிக் கொடுங்கள். அதைத் தமிழ் வகுப்பிலேயே செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

லேபிள் வாசிக்கப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை. பானங்களை அவற்றின் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் 2022 கடைசியில் வந்தது. இன்று 'டி' போட்டதைக் கண்டால் என் மகள் அதைத் தொடுவதில்லை. குளிர்பதனப் பெட்டி வாங்கப் போனால் மின்சிக்கன லேபிளில் எத்தனை டிக் என்று எண்ணுகிறாள். நல்ல பழக்கம்தான். ஆனால் முதலாவது நம் உடம்புக்காக, இரண்டாவது பெரும்பாலும் நம் மின்கட்டணத்துக்காக. பொருளைச் செய்தவருக்காக வாசிக்க நாம் இன்னும் பழக்கவே இல்லை.

ஒரு வகுப்பே சேர்ந்து ஒரே மாதிரி அச்சடித்துப் போடும் வகுப்புச் சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நிறம், முதுகில் என்ன வாசகம் என்று பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் நாள்கணக்கில் பேசுவார்கள். கடைசியில் யார் குறைந்த விலை சொன்னாரோ அவரிடம் ஆர்டர் போகும். கழுத்துக்கு உட்புறம் தைத்திருக்கும் சின்னத் துணியில் நூறு விழுக்காடு பருத்தி, இன்ன நாட்டில் தயாரானது, இப்படித் துவைக்க வேண்டும் என்று இருக்கும். நூல் எங்கே நூற்றது, சாயம் எங்கே போட்டது என்பது இருக்காது. இந்தியாவில் தயாரானது என்றால் அது திருப்பூராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகிறது.

அந்த ஊரின் சாயப்பட்டறைக் கழிவு பல வருடங்கள் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி நின்றது. கீழே இருந்த விவசாயிகளின் நிலமும் கிணறும் உப்பேறிப் போயின. அவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பிறகு திறக்க முடிந்தது. அதற்குச் செலவாகும். அந்தச் செலவைச் செய்து சாயம் போட்ட துணியும் செய்யாத துணியும் எப்படி ஒரே விலைக்கு வரும்? இதை உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு பிள்ளை தானாகக் கேட்டால் போதும், பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நூற்பாலைப் பக்கம் போனால் சுமங்கலித் திட்டம். ஏழை வீட்டுப் பதின்ம வயதுப் பெண்களை மில் விடுதியில் தங்கவைத்தார்கள். மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொன்னார்கள். உடம்பு முடியாமல் இடையில் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை வரவேயில்லை. அந்தப் பெண்கள் பேசியது நம் பிள்ளைகள் வகுப்பில் படிக்கிற அதே மொழி. மற்றப் பாடங்களில் இது எங்கோ தூரத்துச் செய்தியாகப் போய்விடும். தமிழ் வகுப்பில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே அவர்கள் சொல்வதைக் கேட்கலாம், வாசிக்கலாம். நான் தமிழ் வகுப்பைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

தேயிலையும் அப்படித்தான். இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழர்கள், நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டுமென்று பல வருடங்கள் போராடி 2021இல்தான் அதைப் பெற்றார்கள். அவர்களில் ஏராளமானோர் இன்னும் லயன் அறைகள் எனப்படும் நெருக்கமான வரிசை வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். தேயிலைப் பெட்டியில் மலையின் படம் அழகாக இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, தரச்சான்று முத்திரை ஏதும் இருக்கிறதா, அதைக் கொடுத்தது யார், கூலியைப் பற்றி அந்த முத்திரை ஏதாவது சொல்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பொதுவாக "பசுமை", "இயற்கை" என்று எழுதியிருப்பதற்கும் வெளியாள் வந்து சோதித்துக் கொடுத்த சான்றுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தானாகப் பிடிபடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இதை நல்ல பொருள், கெட்ட பொருள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட வேண்டாம். செம்பனை எண்ணெய்க்காகக் காடு அழிகிறது என்பது உண்மை. அதே செம்பனை, ஒரே அளவு நிலத்தில் சோயாவையும் சூரியகாந்தியையும்விடப் பல மடங்கு எண்ணெய் தருகிறது என்பதும் உண்மை. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அன்பளிப்பாகத் தரும் துணிப்பையைப் பாருங்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், பேரங்காடியின் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். அந்த பிளாஸ்டிக் பைகளையெல்லாம் மறுபடி குப்பை கட்டப் பயன்படுத்தினால் 327 தடவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நாம் செய்வது இரண்டாவதுதானே? வீட்டில் எத்தனை துணிப்பைகள் மடித்துக் கிடக்கின்றன என்று பிள்ளைகளே எண்ணிப் பார்த்துவிட்டு வந்து வாதாடட்டும். பேச்சுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

கேட்பதால் ஏதாவது மாறுமா என்ற சந்தேகம் பிள்ளைகளுக்கு வரும். 2015 புகைமூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிகளையே மூடினோம். அடுத்த மாதமே, காட்டுத் தீ தொடர்பில் சந்தேகத்துக்கு உள்ளான ஓர் இந்தோனேசிய நிறுவனத்தின் தாள் பொருள்களைப் பெரிய பேரங்காடிகள் அலமாரியிலிருந்து இறக்கின. நாம் மூச்சு விடும் காற்றுக்கும் முகம் துடைக்கும் காகிதத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அன்று இந்த ஊரே கேட்டது. இன்றைய மாணவர்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள். அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாடத்திட்டம் ஏற்கெனவே நெருக்கடியாக இருக்கிறது, தேர்வு வருகிறது என்பீர்கள். புதுப் பாடம் எதுவும் கேட்கவில்லை. வாய்மொழித் தேர்வில் காணொளி பார்த்துக் கருத்துச் சொல்லத்தானே பழக்குகிறீர்கள்? அந்தப் பயிற்சிகளில் சிலவற்றை இதற்குக் கொடுங்கள். தொடக்கப்பள்ளியில் நன்னெறிப் பாடத்தை நீங்கள்தான் தாய்மொழியில் எடுக்கிறீர்கள், அங்கே ஒரு பென்சிலிலிருந்தே ஆரம்பிக்கலாம். அப்புறம், வகுப்பில் எல்லார் வீட்டு வரவும் ஒன்றல்ல. மலிவான சட்டை போட்டு வரும் பிள்ளை கூனிக் குறுகக் கூடாது. அதனால் சொந்தப் பொருளைக் கொண்டுவரச் சொல்லாமல், பள்ளி வாங்கும் பொருளை வைத்து ஆராயுங்கள். வகுப்புச் சட்டை, சிற்றுண்டிச்சாலை எண்ணெய், கழிவறைத் தாள் எதுவானாலும் சரி. விநியோகிப்பவருக்கு மாணவர்களே எழுதிக் கேட்கட்டும். வந்த பதிலையும் வராத பதிலையும் தமிழில் கட்டுரையாக்கட்டும்.

பாடநூல் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். திருப்பூர், மலையகம் பற்றிய செய்திகளையும் அங்குள்ளவர்களின் பேட்டிகளையும் வகுப்பில் பயன்படுத்தும் விதத்தில் சுருக்கித் தொகுத்துக் கொடுங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தனியாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. திரட்ட ஆள் வேண்டுமானால் பெற்றோர் ஆதரவுக் குழுக்களில் இருக்கும் எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
ஒரு தாய்